இயந்திரத்தின் முனகலைக் கேட்பார் யார்?

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மனிதனுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். அவர் மார்பில் கருவியை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, உள்ளே நடப்பதைக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிடுகிறார். மாட்டுக்கு நோய் வந்தாலும் பார்ப்பதற்கு வைத்தியர் உண்டு. ஆனால், இரவு பகல் பாராமல் நமக்காக உழைக்கின்ற இயந்திரத்துக்கு நோய் வந்தால் அதன் மார்பில் காது வைத்துக் கேட்பவர் யார்?

எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் என் தந்தை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து அரிசி ஆலைகளில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயந்திரம் பார்ப்பவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நீளமான திருப்புளி ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். அதன் முனையைப் பேரிங் மூடியின்மேல் ஊன்றுவார். மரக் கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "நல்ல பேரிங் தேனீ மாதிரி ரீங்காரம் பண்ணும் தம்பி, கெடப்போற பேரிங் பச்சரிசி மெல்லுற மாதிரி நறநறக்கும்" என்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். திட ஊடகத்தில் ஒலி நன்றாகப் பரவும் என்பதை நான் வகுப்பில் படித்தேன். அவரோ படிக்காமலே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் திருப்புளியின் வேலையை இன்று விஞ்ஞானம் ஒரு சிறு கருவியிடம் ஒப்படைத்திருக்கிறது. அதற்கு ஒலி உமிழ்வு உணர்கருவி என்று பெயர். அதை நம் பகுதி ஆலைகளில் பொருத்த வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பொருத்திவிட்டால் மட்டும் போதாது என்பதும் என் கருத்து. இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி உமிழ்வு என்பது யாது?

சிறு வயதில் முருங்கை மரத்தில் ஏறாதவர் நம்மில் குறைவு. கிளை முறிவதற்கு முன் 'சட்' என்று ஒரு சத்தம் கேட்கும். புத்தியுள்ளவன் அப்போதே குதித்துவிடுவான். கேளாதவன் கிளையோடு கீழே வருவான். உலோகமும் இப்படித்தான். அதனுள் நுண்ணிய விரிசல் விடும்போதும், இரு பரப்புகள் எண்ணெயின்றி உரசும்போதும், உள்ளே அடைபட்டிருந்த ஆற்றல் மீட்சி அலையாக வெளிப்பட்டு மேற்பரப்புக்கு ஓடி வருகிறது. இதுவே ஒலி உமிழ்வு.

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கிறோம். அங்கே கேள்வி கேட்பவர் நாம். பானை பதில் சொல்கிறது. ஒலி உமிழ்வில் யாரும் தட்டுவதில்லை. துன்பப்படுகின்ற பொருள் தானாகவே முனகுகிறது. வெள்ளீயத் துண்டை வளைத்தால் கிறீச்சிடும் என்பதை வேதியியல் நண்பர்கள் அறிவார்கள். அதை 'வெள்ளீயத்தின் அழுகை' என்றே சொல்வதுண்டு. அந்த அழுகை நம் காதுக்கு எட்டுகிறது. பிற உலோகங்களின் அழுகை பெரும்பாலும் எட்டுவதில்லை.

காரணம் எளிது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஒலி உமிழ்வுக் கருவிகளோ பொதுவாக 100 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 1,000 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளைக் கவனிக்கின்றன. இதில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. ஆலையின் இரைச்சல், பேச்சுக்குரல், லாரியின் ஹாரன் முதலியவை இந்த உயரத்துக்கு வருவதில்லை. சந்தைக் கூச்சலுக்கு மேலே, தனியான ஓர் அலைவரிசையில் இயந்திரம் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது!

இந்தத் துறைக்கு அடிகோலியவர் ஜெர்மானிய அறிஞர் ஜோசப் கைசர். 1950-இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் அளித்த ஆய்வேடு, சுமையேற்றப்பட்ட உலோகங்கள் எழுப்பும் ஒலியை முறையாக ஆராய்ந்தது. ஒருமுறை ஏற்றிய சுமையை அதே பொருளின்மீது மறுமுறை ஏற்றினால், பழைய அளவைத் தாண்டும்வரை அது பேசாமல் இருப்பதை அவர் கண்டார். பட்ட துன்பத்தைப் பொருள் நினைவில் வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். இப்பண்பு இன்றும் அவர் பெயரால் கைசர் விளைவு எனப்படுகிறது.

கருவியின் உள்ளே இருப்பது அழுத்த மின் படிகம். 1880-இல் கியூரி சகோதரர்கள் இந்த விளைவைக் கண்டறிந்தனர். நம் வீட்டுச் சமையலறையில் 'டக்' என்று தட்டியதும் பொறி பறக்கும் கேஸ் லைட்டரில் வேலை செய்வதும் இதே விளைவுதான். அங்கே பலத்த அடி, ஆயிரக்கணக்கான வோல்ட். இங்கே கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அசைவு, மிகச் சிறிய மின்னழுத்தம். ஆகையால் அதை நூறு மடங்கு பெருக்க ஒரு பெருக்கி பக்கத்திலேயே வைக்கப்படுகிறது.

நம் நாட்டில் எங்கே?

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எட்டாது என்று யாரும் எண்ண வேண்டாம். நம் கல்பாக்கத்திலே 1971-இல் தொடங்கப்பெற்று, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என வழங்கப்படும் நிலையத்தில் இத்துறை ஆராய்ச்சி நெடுங்காலமாக நடந்து வருகிறது. அங்குள்ள வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதில் வெப்பத்தைச் சுமந்து செல்வது உருகிய சோடியம். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் என்னவாகும் என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். நீராவி உண்டாக்கும் பகுதியில் சோடியத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது ஒரு குழாய்ச் சுவர்தான். அதில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் உடனே தெரிந்தாக வேண்டும். கசிவின் ஒலியைக் கேட்கும் முறைகளை அங்கே ஆராய்ந்ததில் வியப்பென்ன? பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் இக்கலையில் பெயர் பெற்ற டாக்டர் பல்தேவ் ராஜ், 2004 முதல் 2011 வரை அந்நிலையத்தின் இயக்குநராக இருந்தார்.

திருவனந்தபுரத்தில் ராக்கெட் மோட்டார்களின் எஃகு உறைகளை நீரழுத்தத்தால் சோதிக்கும்போதும் இக்கருவிகளை ஒட்டிவைத்துக் கேட்கிறார்கள். ராக்கெட்டும் அணு உலையும் இருக்கட்டும். நம் தஞ்சை மண்ணுக்கு வருவோம். குருங்குளத்தில் உள்ளதைப் போன்ற சர்க்கரை ஆலைகளில் கரும்பு பிழியும் உருளைகள் நிமிடத்துக்குச் சில சுற்றுகளே சுற்றுகின்றன. சுமையோ மிகப் பெரிது. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் தண்டில் பேரிங் கெட்டாலும் அதிர்வு மிகக் குறைவு. ஆகவே சாதாரண அதிர்வுமானிக்கு அது எளிதில் பிடிபடாது. உரசலும் விரிசலும் எழுப்பும் ஒலி உமிழ்வைக் கேட்கும் கருவியே இங்கு மிகவும் பயன்படும்.

எங்ஙனம் பொருத்துவது?

கருவியை வாங்குவது பாதி வேலைதான். ஒழுங்காகப் பொருத்துவது மறுபாதி.

முதலில் இடம். அலை ஒரு பாகத்திலிருந்து மற்றொரு பாகத்துக்குத் தாவும் ஒவ்வொரு மூட்டிலும் வலிமை இழக்கிறது. ஆகையால் பேரிங் உறையின்மேல், சுமை தாங்கும் பக்கத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். வசதியாக இருக்கிறதென்று மேலே மூடியுள்ள தகரத்தில் ஒட்டினால் பயனில்லை. பட்டுச் சட்டைக்கு மேல் காது வைத்து இதயத் துடிப்பைக் கேட்ட கதையாகிவிடும்.

அடுத்து, பரப்பு. பெயின்டும் துருவும் போகச் சுரண்டி, சமமாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். கருவிக்கும் உலோகத்துக்கும் இடையே காற்று இருந்தால் இந்த உயர்ந்த அதிர்வெண் அலை அநேகமாகக் கடக்காது. எனவே மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவ வேண்டும், அப்பிவிடக் கூடாது. பின்பு காந்தப் பிடியாலோ பசையாலோ அசையாதபடி நிறுத்த வேண்டும். கம்பிகளை மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனி வழியில் கொண்டுபோக வேண்டும்.

பொருத்தியது சரியா என்று பார்க்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு வேண்டியது நாம் எழுதும் நுண்முனைப் பென்சில்! 0.5 மில்லி மீட்டர் முனையை 3 மில்லி மீட்டர் நீட்டி, கருவிக்குச் சற்றுத் தள்ளி உலோகத்தின்மேல் சாய்த்து ஒடிக்க வேண்டும். அந்தச் சின்ன 'டிக்' ஒவ்வொரு முறையும் ஒரேவிதமான அலையை உண்டாக்குவதால், கருவி அதைச் சரியாகக் கேட்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். உலகெங்கும் பொறியாளர்கள் கையாளும் முறை இது.

சென்ற பருவத்தில் ஆசிரியரின் அனுமதியோடு நானும் இரு நண்பர்களும் நம் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். மணியொலிப்பானில் வரும் மலிவான பீசோ தட்டை ஓர் இரும்புத் தகட்டில் ஒட்டி, அலைநோக்கியில் இணைத்தோம். பென்சில் முனையை ஒடித்ததும் திரையில் அலை துள்ளியது. ஆனால் கைதட்டினாலும் துள்ளியது! பிறகு ஒரு மின்தேக்கியையும் மின்தடையையும் கொண்டு, தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் வடிப்பானைச் சேர்த்தோம். கைதட்டல் அடங்கிவிட்டது, பென்சிலின் குரல் நின்றது. பாடநூலில் வரைபடமாக இருந்த ஒன்று கண்முன்னே உயிர்பெற்ற நாள் அது.

கடைசியாக ஒன்று. புதிதாகப் பொருத்திய கருவிக்கு எது நோய், எது நலம் என்று தெரியாது. அரிசி ஆலையில் எலிவேட்டரில் நெல் கொட்டும், பட்டையின் இணைப்பு தட்டும், இடையில் கல் மோதும். இவையும் அலை எழுப்பும். வெற்றோட்டத்தில் எப்படி, நெல் போகும்போது எப்படி, கிரீஸ் வைத்தபின் எப்படி என்று சில வாரங்கள் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே எச்சரிக்கை எல்லையை வகுக்க முடியும். அந்த வாரங்களில் அருகில் நின்று, "இது கல்லு, இதை விடு, இதுதான் பேரிங்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் யார்? திருப்புளியோடு நிற்கிறாரே, அவர்தான்!

வேலை போய்விடுமா?

கருவி வந்தால் உழைப்பாளியின் வேலை போய்விடும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இக்கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. என் வீட்டு உலை கொதிப்பதே அந்த வேலையில்தான். ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் இது. என் தந்தையின் காது ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

ஓயாத ஆலை இரைச்சலில் உழைப்பவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் அளவில்தான் செவித்திறன் முதலில் குறையும் என்று மருத்துவம் சொல்கிறது. அந்த உயர்ந்த ஒலிகளைக் கொண்டுதான் அவர் பேரிங்கின் நலத்தை அறிந்தார். இப்போது இரவில் வயலோரம் சில்வண்டு கத்துவதை நான் சொன்னால்தான் அறிகிறார். ஆலையைக் காத்த காதை ஆலையே தின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளில் காதை மூடிக்கொள்ள ஓர் உறை வாங்கிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. அவரது காதோடு அவரது அறிவும் போய்விடுவதா? அதற்குள் அந்த அறிவைக் கருவிக்கும், கருவியை இயக்கப்போகும் இளைஞனுக்கும் அவரைக் கொண்டே கற்பிக்க வேண்டும். கற்பிப்பவருக்கு அதற்குரிய ஊதியமும் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

கேட்டபின் என்ன?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தந்தை அப்போது வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்தது. ஆலையின் பெயர் இங்கு வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து நெல் குவிந்திருந்த மாசி மாதம். பெரிய தண்டின் பேரிங் சரியில்லை, நிறுத்தி மாற்ற வேண்டும் என்று தந்தை சொன்னார். களத்தில் நெல், வானத்தில் மேகம், வாசலில் லாரி. "இந்த லோடு முடியட்டும்" என்றார் முதலாளி. மறுநாளும் தந்தை சொன்னார். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் இரவு பேரிங் இறுகித் தண்டு ஒடிந்தது. அறுந்த பட்டை பக்கத்தில் நின்ற உதவியாளர் அண்ணன் ஒருவரின் தோளில் அடித்தது. ஆலை பன்னிரண்டு நாள் நின்றது. பேரிங் மாற்ற அரைநாள் போதும்! அந்த அண்ணனின் வலக்கை இன்றும் தோளுக்குமேல் உயர்வதில்லை.

ஆய்வுக்கூடச் சோதனையைப் பற்றி வீட்டில் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு கிலோ ஹெர்ட்ஸ், படிகம், பெருக்கி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். தந்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மெசினு சொன்னா, முதலாளி நிறுத்துவாராப்பா?"

என்னிடம் பதில் இல்லை. பல நாட்கள் யோசித்தேன். அன்று அந்த ஆலையில் குறைவாக இருந்தது கருவியா? இல்லை. கேட்கவேண்டியதைத் தந்தையின் காது கேட்டுவிட்டது. சொல்லவேண்டியதை அவர் வாய் சொல்லிவிட்டது. நிறுத்தும் அதிகாரம் மட்டுமே அவரிடம் இல்லை. அதே இடத்தில் கருவி இருந்து சிவப்பு விளக்கு எரிந்திருந்தால், விளக்கின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

கேட்டதும் நிறுத்திய எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் உணர்கருவிகளைப் பொருத்தியிருந்தனர். அவை நான் சொல்லும் ஒலி உமிழ்வுக் கருவிகளல்ல. ஆயினும் நோக்கம் ஒன்றே. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியைப் பற்றி எச்சரிக்கை வந்ததும், 2022 டிசம்பரில் அப்பாலத்தின்மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இராமேசுவரம் போகும் பயணிகளுக்குத் தொல்லைதான். ஆனால் பாலம் நலமென்று சாதிக்காமல் வண்டியை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. கருவி சொன்னது, கேட்க மனமுள்ளவர்கள் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் பயன் விளைந்தது.

செய்யவேண்டியவை

சிறிய ஆலை ஒவ்வொன்றும் இக்கருவியை வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. விலை அதிகம், பேரிங்கைத் தொட்டுச் சூடு பார்ப்பதும், காலத்தில் கிரீஸ் வைப்பதும் பல ஆலைகளில் இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. அவை முதலில் நடக்கட்டும். சர்க்கரை ஆலைகள், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நவீன அரிசி ஆலைகள், ஊர்களுக்குக் குடிநீர் ஏற்றும் நிலையங்கள் போன்ற பொது இடங்களில் கருவி முதலில் வரட்டும். சிறிய ஆலைகள் பல சேர்ந்து கையில் எடுத்துச் செல்லும் கருவி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தொழிற்பயிற்சி நிலையத்திலும் நம் கல்லூரியிலும் படித்த உள்ளூர் இளைஞர் ஒருவர் மாதமொருமுறை சுற்றிவந்து கேட்டுக் குறிப்பெழுதினால் அவருக்கும் பிழைப்பு, ஆலைக்கும் பாதுகாப்பு.

கருவி பொருத்தும் இடமெல்லாம் அதன் அருகில் ஒரு பலகையும் மாட்டப்பட வேண்டும். எச்சரிக்கை வந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டியவர் யார் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயர் அலுவலகத்தில் இருப்பவருடையதாக மட்டும் இல்லாமல், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருடையதாகவும் இருக்க வேண்டும். நிறுத்தியதற்காக அவர் கூலி பிடிக்கப்படக் கூடாது. இந்தப் பலகைக்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்டின் விலைதான். ஆனால் கருவியைவிட இதைப் பெறுவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்சில் முனை ஒடிக்கும் அச்சோதனையை நம் செய்முறைப் பாடங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டுகிறேன். அத்துடன், ஆண்டுக்கு ஒரு நாளாவது ஆலையில் உழைக்கும் ஒருவரை அழைத்து, அவர் எப்படிக் கேட்கிறார் என்பதை எங்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நாளை அதிகாரிகளாகவும் பொறுப்பாளர்களாகவும் நாற்காலியில் அமரப்போகிறோம். அன்று கையில் கிரீஸோடு ஒருவர் வந்து, "ஐயா, சத்தம் சரியில்லை" என்று சொன்னால், லாரியைப் பாராமல் அவர் முகத்தைப் பார்ப்போமாக. இயந்திரத்தின் முனகலைக் கேட்கக் கருவி வந்துவிட்டது. அதைக் கேட்டவர் சொல்லும் சொல்லை மதிக்கும் மனத்தை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்!